750 ரியால்

2017 நவம்பரில் கத்தார் அரசு ஓர் உத்தரவு போட்டது. அந்த நாட்டில் எந்தத் தொழிலாளிக்கும் மாதச் சம்பளம் 750 ரியாலுக்குக் குறையக் கூடாது என்றது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 13,000 ரூபாய். ஐந்து வருஷம் கழித்து, 2022 டிசம்பர் 18 அன்று, அதே நாட்டில் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம். உள்நாட்டில் குடியிருப்பவர்களுக்கு என்று தனியாக ஒதுக்கிய நான்காம் தர டிக்கெட், அதாவது இருப்பதிலேயே மலிவான டிக்கெட், என்ன விலை தெரியுமா? 750 ரியால்.

யாரும் உட்கார்ந்து யோசித்து இந்த இரண்டையும் ஒன்றாக வைக்கவில்லை. யோசித்திருந்தால் கொஞ்சமாவது கூச்சப்பட்டு ஒன்றை மாற்றியிருப்பார்கள். அவர்கள் கண்ணில் இது படவே இல்லை, அதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஒருவன் மாதம் முழுக்க முதுகு வெந்து வாங்குவதும், இன்னொருவன் ஒரு ராத்திரி அரங்கத்தின் கடைசி மூலையில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கக் கொடுப்பதும் ஒரே தொகை. சம்பளம் நிர்ணயித்தவருக்கு டிக்கெட் விலை தெரியாது. டிக்கெட்டுக்கு விலை வைத்தவருக்கு எங்கள் சம்பளம் தெரியாது. இரண்டும் தெரிந்தவன் நான்தான். ஆகவே நான் பேசுகிறேன்.

பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்துக்காரன் நான். கம்பி கட்டுகிறவன். எங்கள் பூமி கரிசல், மானாவாரி. பருத்தி போடுவோம், மக்காச்சோளம் போடுவோம். ஆலத்தூர், செட்டிகுளம் பக்கம் போனால் சின்ன வெங்காயம். மழை வந்தால் சோறு. கிழக்கே அரியலூரில் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டித் தோண்டி சிமெண்ட் ஆலைகள் ஓடுகின்றன. அந்தத் தூசியை மூச்சில் இழுத்துக்கொண்டு வளர்ந்த பையன்தான் பாஸ்போர்ட் எடுத்து, வேறொரு தேசத்து சிமெண்டுக்குள் கம்பி கட்டப் போகிறான். ஆலையில் உள்ளூர் ஆளுக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டால் அது தனிக் கதை, தனிக் குமுறல். லப்பைக்குடிகாட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடாவுக்கு ஆள் போகாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர்களைப் பார்த்து நாங்களும் போனோம்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு, தன் சேவைக்காக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டும்தான் வாங்கலாம். இது இந்திய அரசின் விதி. இந்த விதியைச் சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். என்னிடம் வாங்கியது லட்சத்துக்கு மேலே. ரசீது கிடையாது. வீட்டுக்காரி தாலிக்கொடியைத் தவிர மற்றதெல்லாம் அடகுக்குப் போயிற்று. பற்றாததற்கு மூன்று வட்டிக்கு வெளியில் வாங்கினோம். திருச்சியில் கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு சம்பளம் இருந்தது. கத்தாரில் போய் இறங்கி, கேம்ப்பில் படுக்கை காட்டிய மறுநாள், அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இன்னொரு தாளை நீட்டினார்கள். அதில் இருந்தது வேறு சம்பளம். "இஷ்டம் இல்லேன்னா திரும்பிப் போ" என்றார் ஆபீஸ்காரர். மூன்று வட்டிக் கடனோடு எங்கே திரும்பிப் போவது? போட்டேன் கையெழுத்து.

நான் வேலை பார்த்தது ஒரு சப்ளை கம்பெனிக்கு. ஒப்பந்தக்காரரின் ஒப்பந்தக்காரருக்கு ஆள் கொடுக்கிற கம்பெனி. அரங்கத்துக்குள் நான் கால் வைத்ததில்லை. அரங்கத்துக்குப் போகிற சாலைக்கு அடியில், மழைத் தண்ணீர் வடிகிற கான்கிரீட் பெட்டிக் கால்வாய்க்குக் கம்பி கட்டினேன். வருஷத்தில் சில நாளே மழை பெய்கிற ஊரில் அவ்வளவு பெரிய கால்வாய். குழிக்குள் இறங்கினால் காற்று கிடையாது. கம்பியைக் கையுறை இல்லாமல் தொட முடியாது. மதிய வேலைக்குக் கோடையில் தடை உண்டு. 2021இல் அதைக் காலை 10 மணியிலிருந்து 3.30 வரை என்று நீட்டினார்கள். நல்ல காரியம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தை ஈடுகட்ட விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி பஸ்ஸில் ஏற்றினார்கள்.

அதற்கு நடுவில் 2018இல் ஊரில் மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றுவிட்டது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் வயல் வயலாகப் போயிற்று. நான் அனுப்பிய பணம் அடகு மீட்கப் போகாமல் புழு தின்ற கடனை அடைக்கப் போனது.

எதற்காக இந்தச் சாலையையும் கால்வாயையும் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், அங்கேதான் கணக்கில் ஒரு சூது இருக்கிறது. உலகக் கோப்பை ஏற்பாட்டுக்கு என்று கத்தாரில் ஓர் உச்சக் குழு இருந்தது. அரங்க வேலைகளில் வேலை தொடர்பான சாவு 3, வேலை தொடர்பில்லாத சாவு 37 என்பது அவர்கள் கணக்கு. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகை வேறொரு கணக்கை வெளியிட்டது. கோப்பை அந்த நாட்டுக்குக் கிடைத்த 2010இலிருந்து பத்து வருஷத்தில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாட்டுத் தொழிலாளர்களில் 6,500க்கு மேல் இறந்திருக்கிறார்கள். அதில் இந்தியர் மட்டும் 2,711 பேர். நியாயமாகச் சொல்ல வேண்டும்: இத்தனையும் அரங்க வேலையில் நடந்த சாவு இல்லை. எல்லா வேலையும், எல்லாக் காரணமும் சேர்ந்த கணக்கு அது. ஆனால் 3 என்கிற கணக்கு எப்படி வந்தது? அரங்கத்தின் மதில் சுவரோடு கணக்கு நின்றுவிடும். மதிலுக்கு இந்தப் பக்கம் போட்ட சாலை, மெட்ரோ, ஓட்டல், சாக்கடை எதுவும் உலகக் கோப்பை வேலை இல்லை. பார்வையாளன் விமானத்திலிருந்து இறங்கி நேராக நாற்காலியில் வந்து விழுந்தான் போலிருக்கிறது!

ஏஜெண்டுக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்றையும் அதே உச்சக் குழு செய்தது. அரங்க ஒப்பந்தக்காரர்களோடு பேசி, சில பத்தாயிரம் பேருக்குப் பணம் திரும்ப வழி பண்ணினார்கள். அதையும் பாராட்டுகிறேன். ஆனால் நான் மதிலுக்கு இந்தப் பக்கத்து ஆள்.

என் அறையில் செந்துறைப் பக்கத்துத் தம்பி ஒருவன் இருந்தான். முப்பது தாண்டவில்லை. ராத்திரி படுத்தான், காலையில் பஸ்ஸுக்கு எழுப்பினால் எழவில்லை. இதயம் நின்றுவிட்டது என்று காகிதம் கொடுத்தார்கள். எல்லோருக்கும் கடைசியில் இதயம்தானே நிற்கிறது? எதனால் நின்றது என்று கேட்க அவனுக்கு அங்கே யார் இருந்தார்கள்? கத்தாரில் இறந்த இந்தியர்களில் 80 விழுக்காட்டை இயற்கை மரணம் என்றே எழுதியிருந்தார்கள் என்று அந்தக் கார்டியன் செய்தி சொன்னது. வெளிநாடு போகும் தொழிலாளிக்கு நம் அரசு வைத்திருக்கிற காப்பீடு, விபத்துச் சாவுக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் 10 லட்சம் தரும். இயற்கை என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போதும், எல்லோருடைய பொறுப்பும் தீர்ந்தது.

2022 கோடைக்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். முடிந்தது. முடிந்ததும் எங்களை ஊருக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். ஆட்டம் தொடங்கும்போது ஊர் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா. நிறையக் கம்பெனிகள் அப்படித்தான் செய்தன. வெளிநாட்டுப் பத்திரிகைகளும் அதை எழுதின. எங்கள் கேம்ப்பில் பாதிப் பேருக்கு ஒப்பந்தக் காலம்கூட முடியவில்லை. கடைசி மாதச் சம்பளம் "பேங்க்ல ஏறிடும்" என்றார்கள். ஏறவில்லை.

இப்போது டிக்கெட் விலைக்கு வருகிறேன். கத்தாரில் குடியிருப்பவனுக்கு முதல் சுற்று ஆட்டம் 40 ரியால். வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்கு ஆகக் குறைந்தது 250 ரியால். பத்தாக்கா என்கிற அடையாள அட்டை கையில் இருந்தவரை நான் 40 ரியால் ஆள். கேன்சல் பண்ணி விமானம் ஏற்றிய அன்றைக்கு நான் 250 ரியால் ஆளாகிவிட்டேன், அதோடு போக வர விமானச் செலவும். சாலையை நான் போட்டேன், அந்தச் சாலையில் நடக்கிற சலுகை எனக்கு இல்லை. கம்பெனி மாறாமல் அங்கேயே தங்கிய சில பேர் தொழிற்பேட்டைப் பக்கம் ஏசியன் டவுன் கிரிக்கெட் மைதானத்தில் திரை கட்டிக் காட்டியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அரங்கம் நகரத்தில், கட்டினவனுக்குத் திரை. எட்டு அரங்கத்தில் ஏழில் குளிர்சாதனம். திறந்தவெளிக்கே ஏசி! குழிக்குள் இறங்கினவனுக்கு அதில் ஒரு மூச்சுக் காற்று கிடைத்திருந்தால்!

இன்னொன்றையும் மறக்க முடியாது. கோப்பை தொடங்குவதற்கு முன்னால் கத்தார் தலைநகர் தோஹா வீதியில் மலையாளிகளும் நம்மவர்களும் அர்ஜென்டினா, பிரேசில், இங்கிலாந்து சட்டை போட்டுக்கொண்டு மேளம் கொட்டி ஊர்வலம் போனார்கள். உடனே மேற்கத்திய ஊடகங்களில் கேள்வி கிளம்பியது: இவர்கள் உண்மையான ரசிகர்களா, கூலிக்குப் பிடித்து வந்த போலிகளா? கோழிக்கோடு பக்கம் புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் ரொனால்டோவுக்கும் கட்அவுட் வைத்த ஜனம் அது. அந்தப் படத்தை, உலகக் கோப்பையை நடத்தும் ஃபிஃபாவே தன் பக்கத்தில் போட்டுப் பெருமைப்பட்டது. கட்அவுட் வைத்தால் ரசிகன். தோஹாவில் வேலை பார்க்கிற சட்டையைக் கழற்றி மெஸ்ஸி சட்டை போட்டால் போலி. எங்கள் தோலுக்குக் கால்பந்து பிடிக்கக் கூடாதா?

ஃபிஃபா தலைவர் ஜியானி இன்ஃபான்டினோ அதற்காகக் கோபப்பட்டார், உண்மை. தொடக்க ஆட்டத்துக்கு முந்தின நாள், 2022 நவம்பர் 19, தோஹாவில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவைத்து நீளமாகப் பேசினார். இன்று நான் புலம்பெயர் தொழிலாளியாக உணர்கிறேன் என்றும் சொன்னார். ஐயா, உணர்ந்தீர்களே, சந்தோஷம். ஒரே ஒரு நாள் உணர்ந்தீர்கள். அந்த ஒரு நாளில் வட்டிக்காரன் உங்களுக்குப் போன் போட்டானா? கழிப்பறைக்கு இருபது பேருக்குப் பின்னால் நின்றீர்களா? மாலையில் அந்த உணர்ச்சி கலைந்து நீங்கள் ஓட்டலுக்குப் போனீர்கள். எங்களுக்கு அது கலையவே இல்லை.

சரி, அது 2022. 2026க்கு வருவோம். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ, 48 அணி, 104 ஆட்டம். ஜூன் 11 மெக்சிகோ சிட்டியில் தொடக்கம், ஜூலை 19 நியூஜெர்சியில் இறுதி. 2018இல் இந்தக் கோப்பையைக் கேட்டு வாங்கும்போது, 21 டாலர் டிக்கெட் லட்சக்கணக்கில் தருவோம் என்று அமெரிக்க ஏற்பாட்டாளர்கள் வாக்குக் கொடுத்தார்கள். 2025 செப்டம்பரில் விலையைச் சொன்னபோது 60 டாலரில் ஆரம்பித்து 6,730 டாலரில் நின்றது. அதே வருஷம் டிசம்பரில் நாட்டுச் சங்கங்களுக்குக் கொடுத்த பட்டியலில் இறுதியாட்டத்துக்கு மலிவு டிக்கெட்டே 4,185 டாலர், உயர்ந்தது 8,680 டாலர். அமெரிக்காவில் 1994இல் நடந்தபோது இறுதியாட்டத்தின் மிக உயர்ந்த டிக்கெட் 475 டாலர். கத்தாரில்கூட ஏறக்குறைய 1,600 டாலர்தான். ஐரோப்பிய ரசிகர் அமைப்பு கொதித்துப் போய் இதைப் பெரும் துரோகம் என்றது. சத்தம் பெரிதானதும் ஃபிஃபா எல்லா ஆட்டத்துக்கும், இறுதியாட்டம் உட்பட, 60 டாலரில் கொஞ்சம் டிக்கெட் உண்டு என்று அறிவித்தது. எவ்வளவு கொஞ்சம்? ஆடுகிற நாட்டுச் சங்கத்துக்கு ஒதுக்கும் பங்கில் பத்தில் ஒன்று. சங்கம் பார்த்துத் தன் விசுவாச ரசிகருக்குக் கொடுக்கும். இந்தியா ஆடுகிற நாடா? 1950இல் பிரேசிலுக்குப் போக வாய்ப்பு வந்தும் நம் அணி போகவில்லை. அதற்குப் பிறகு தகுதி பெறவே இல்லை. ஆகவே அந்த 60 டாலர் வரிசையில் நமக்கு நிற்க இடமே கிடையாது.

4,185 டாலர் என்றால் டாலர் 90 ரூபாய் வீதம் மூன்றே முக்கால் லட்சம். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 336 ரூபாய். என் அம்மா அந்த வேலைக்குப் போகிறார். இந்த ஒரு டிக்கெட்டுக்கு அவர் 1,100 நாளுக்கு மேல் ஏரி வெட்ட வேண்டும். வருஷத்துக்கு நூறு நாள் முழுசாகக் கொடுத்தால் பதினோரு வருஷம். முழுசாக யார் கொடுக்கிறார்கள்! இது நாற்காலிக்கு மட்டும். விமானம், அறை, சாப்பாடு தனி. விசா மனுவுக்கு 185 டாலர், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்பாத காசு. அதற்கு மேல் 250 டாலர் இன்னொரு கட்டணம் என்று 2025 ஜூலையில் அமெரிக்கா சட்டமே போட்டுவிட்டது. பெரம்பலூருக்கு இன்றைக்கு வரைக்கும் ரயில் கிடையாது. பஸ் பிடித்து சென்னை அண்ணா மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரக வரிசையில் நிற்க வேண்டும். நிற்கிறவன் முகத்தைப் பார்த்தே அவர்கள் முடிவு செய்துவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இதைப் பேசினால் டீக்கடையில் மடக்குகிறார்கள். "ஏன் மாப்ள, நீ என்ன அமெரிக்கா போகவா போறே? நியூஜெர்சியில எவனோ எவ்ளோக்கோ டிக்கெட் வாங்குறான், உனக்கு எங்க வலிக்குது?"

வலிக்கிற இடத்தைச் சொல்கிறேன். இந்த விலையேற்றத்துக்கு ஃபிஃபா என்ன காரணம் சொல்கிறது? சந்தை. தேவை கூடினால் விலை கூடும், அமெரிக்காவில் எல்லா விளையாட்டுக்கும் அதுதான் வழக்கம் என்கிறது. 50 கோடிக்கு மேல் விண்ணப்பம் வந்திருக்கிறதாம், இருக்கிற நாற்காலியோ சுமார் 70 லட்சம். ஆகவே விலை ஏறத்தானே செய்யும்? சரி. வாதத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் இதற்குப் பதில் சொல்லுங்கள். 2021இலும் 2022இலும் கெடு நெருங்க நெருங்க, கத்தாரில் எதற்குத் தேவை ஏறியது? எங்கள் கைக்கு. கம்பி கட்டுகிறவன், சென்ட்ரிங் அடிக்கிறவன், கிரேனுக்குச் சைகை காட்டுகிறவன், இவர்கள் ஒரு வாரம் கையைக் கட்டியிருந்தால் ஒரு சாலை முடிந்திருக்காது, ஓர் ஆட்டம் நடந்திருக்காது. உலகத்திலேயே அந்த நேரத்தில் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்ட சரக்கு வேறு எது? அப்போது எங்கே போனது இந்தச் சந்தை? எங்கள் மணிக்கணக்கு ஏன் தேவையைப் பார்த்து ஏறவில்லை? 2021 மார்ச்சில் குறைந்தபட்சச் சம்பளத்தை 1,000 ரியால் ஆக்கினார்கள், அத்தோடு சரி. அதுவும் அரசு உத்தரவால் வந்தது. சந்தை ஒரு ரியால் கூட்டிக் கொடுக்கவில்லை.

சந்தை எங்களுக்குத் திறக்கவே இல்லை என்பதுதான் உண்மை. முதலாளியோடு ஆளைக் கட்டிப்போடும் பழைய கஃபீல் முறையில், பக்கத்துக் கம்பெனி இருநூறு ரியால் கூடத் தருகிறேன் என்றாலும் போக முடியாது. பழைய முதலாளி ஆட்சேபணை இல்லை என்று காகிதம் கொடுக்க வேண்டும். 2020இல்தான் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். எடுத்த பிறகும் மாற்றல் கேட்டவன்மேல் ஓடிப்போனான் என்று புகார் எழுதிப் பயமுறுத்திய முதலாளிகள் உண்டு. ஆக, வேலை செய்கிறவனைக் கட்டிப்போட்டு விலையை நிறுத்திவைப்பீர்கள். ஆட்டம் பார்க்கிறவனை அவிழ்த்துவிட்டு விலையை ஏற்றுவீர்கள். ஏறுவதற்கு ஒரு சந்தை, இறக்கி வைப்பதற்கு ஒரு சட்டம். இரண்டு பக்கமும் லாபம் ஒரே கல்லாவுக்குள் விழுகிறது. நியூஜெர்சி டிக்கெட் விலையில் எனக்கு வலிக்கிற இடம் இதுதான், டீக்கடை மாமா.

மறுவிற்பனை கூத்தையும் பாருங்கள். நம்மூரில் முதல் நாள் சினிமா டிக்கெட்டை பிளாக்கில் விற்றால் போலீஸ் துரத்தும். ஃபிஃபா தானே ஒரு மறுவிற்பனைக் கடையைத் திறந்து, விற்கிறவனிடம் 15 விழுக்காடு, வாங்குகிறவனிடம் 15 விழுக்காடு பிடித்துக்கொள்கிறது. பிளாக் டிக்கெட் விற்பவனிடம் தியேட்டர்காரரே பங்கு வாங்கினால் எப்படி இருக்கும்? அப்படி. மெக்சிகோவில் மட்டும் சங்கதி வேறு. டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டம் இருப்பதால், அங்கே குடியிருப்பவர்களுக்கு அச்சு விலைக்கே கைமாற்றும் ஏற்பாட்டை வைத்தார்கள். ஓர் அரசு கண்ணை உருட்டினால் இந்தச் சந்தை அடங்கும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி?

நம்மூரும் இந்த வியாதிக்குத் தப்பவில்லை. 2025 டிசம்பரில் மெஸ்ஸி கொல்கத்தா வந்தார். ஆயிரக்கணக்கில் கொடுத்து உள்ளே போனவர்களுக்கு அவரைச் சூழ்ந்துகொண்ட பிரமுகர்களின் முதுகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் கிளம்பிப் போய்விட்டார். ஜனம் நாற்காலியைப் பிய்த்து எறிந்தது. பிய்த்தது தப்பு. ஆனால் அந்தக் கோபம் எனக்குத் தெரிந்த கோபம்.

அதற்குச் சில நாள் முன்னால்தான் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்தது. ரசிகர்களுக்கு அனுமதி இலவசம். அரியலூர்ப் பையன் கார்த்தி இந்திய அணிக்கு ஆடிய பிறகு எங்கள் பக்கம் ஹாக்கி மட்டை தூக்குகிற பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். இப்படி ஒரு வாசல் திறந்தால் அவர்கள் உள்ளே போகலாம். ஹாக்கியும் கால்பந்தும் ஒன்றா, பணம் புரளும் அளவு ஒன்றா என்று கேட்பார்கள். பணம் குறைவாக இருக்கிற ஆட்டம் இலவசமாக விடுகிறது, கொழுத்த ஆட்டம் தோலை உரிக்கிறது. எனக்கு விளங்கவில்லை.

ஃபிஃபாவுக்குப் பணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கத்தாரோடு முடிந்த நான்கு வருஷத்தில் வருமானம் சுமார் 750 கோடி டாலர். அங்கே ஆடிய அணிகளுக்குப் பரிசாகப் பிரித்த தொகை 44 கோடி டாலர். அதே அளவு தொகையைப் பாதிக்கப்பட்ட தொழிலாளர்களுக்கு ஒதுக்குங்கள் என்று 2022இல் அம்னெஸ்டியும் மற்ற மனித உரிமை அமைப்புகளும் கேட்டன. ஃபிஃபாவே அமைத்த துணைக் குழுவும், தொழிலாளிக்கு ஏற்பட்ட தீங்கை ஈடு செய்யும் பொறுப்பு ஃபிஃபாவுக்கு உண்டு என்று எழுதிக் கொடுத்தது. அந்த அறிக்கை வெளிவந்தது 2024 நவம்பரில். அதையொட்டி ஃபிஃபா 5 கோடி டாலரில் ஒரு நிதியையும் அறிவித்தது. யாருக்கு? உலக சுகாதார நிறுவனம், உலக வர்த்தக அமைப்பு, ஐநா அகதிகள் ஆணையம் இவற்றின் திட்டங்களுக்கு. நல்ல திட்டங்களாகவே இருக்கட்டும். செந்துறைத் தம்பியின் பெண்டாட்டிக்கு அதில் ஒரு காசு வந்ததா என்று கேளுங்கள். அவள் இப்போது சிமெண்ட் மூட்டைக்குச் சாக்கு தைக்கப் போகிறாள்.

எனக்குப் பிச்சை வேண்டாம், இலவச டிக்கெட்டும் வேண்டாம். ஏஜெண்டு வாங்கிய காசு, ஏறாத கடைசிச் சம்பளம், இயற்கை என்று எழுதி மூடிய சாவுக்கு ஒரு விசாரணை, இந்த மூன்றும் எங்கள் கணக்கில் நிற்கிற பாக்கி. மதிலுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று பிரிக்காமல் தீர்க்க வேண்டிய பாக்கி. இறுதியாட்டத்தின் உயர்ந்த டிக்கெட் பத்தை விற்றால் எங்கள் அறையில் இருந்த அத்தனை பேரின் பாக்கியும் தீரும். கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன்.

இதையெல்லாம் இன்று எழுதுவதற்குக் காரணம் நியூஜெர்சி மட்டுமில்லை. 2024 டிசம்பர் 11 அன்று 2034 உலகக் கோப்பையை சவுதி அரேபியாவுக்குக் கொடுத்தார்கள். போட்டிக்கு வேறு நாடு இல்லை, கைதட்டியே முடித்தார்கள். ஃபிஃபாவின் மதிப்பீட்டு அறிக்கை அந்த மனுவுக்கு 500க்கு 419.8 மதிப்பெண் போட்டது. மனித உரிமை அபாயம் நடுத்தரம் என்றது. 15 அரங்கம் தயாராக வேண்டும், பெரும்பாலானவை புதிதாகக் கட்ட வேண்டியவை. ரியாத்தில் ஒன்று மட்டும் 92,000 பேர் உட்காரும் அளவு. அதோடு சாலை, ரயில், ஓட்டல், கால்வாய். யார் போய்க் கட்டுவார்கள்? எங்கள் தெருவில் ஐடிஐ முடித்த இரண்டு பையன்கள் ஏற்கெனவே மெடிக்கல் எடுத்துவிட்டார்கள்.

தம்பிகளா, போகாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இங்கே வேலை இருந்தால் நீங்கள் ஏன் போகிறீர்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது, தமிழ்நாடு அரசுக்கே வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் 1978லிருந்து இருக்கிறது, அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. முதலில் அங்கே கேளுங்கள். ஏஜெண்டிடம் போனால் அவன் பெயர் அரசின் இ-மைக்ரேட் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை மூலக் கம்பெனிக்கா, சப்ளை கம்பெனிக்கா என்று கேளுங்கள். இங்கே போடும் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். அங்கே இன்னொரு தாளை நீட்டினால் அதையும் படம் எடுங்கள். 30,000க்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் ரசீது கேளுங்கள். தர மாட்டான். தராதவனின் பெயர், கொடுத்த தொகை, தேதி, கூட இருந்த சாட்சி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். 2034இல் டிக்கெட் என்ன விலைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. உங்கள் ஆள்கூலிக் கணக்கை அவர்கள் முன்னால் போடும் நாளில், கையில் காட்ட அந்த நோட்டு இருக்க வேண்டும்.